தன் மனத்தைச் சோதித்த படைவீரர்

பெரியவளானதும் என்ன செய்யப் போகிறாய் என்று யாராவது கேட்டால் நம்மில் பலர் சட்டென்று விடை சொல்லிவிடுவோம். டாக்டர் என்போம், ஆசிரியை என்போம், கலெக்டர் என்போம். ஆனால் அந்த விடை உண்மையிலேயே நம் உள்ளத்திலிருந்து வந்ததுதானா? பெற்றோர் சொல்லி வந்ததா, அடுத்த வீட்டு அக்காவைப் பார்த்து வந்ததா, நாலு பேர் புகழ வேண்டும் என்பதற்காக வந்ததா? இதைக் கண்டறிவது எளிதன்று. முப்பது வயது வரை இதை அறியாமலே வாழ்ந்து, பின்னர் காயம்பட்டுப் படுக்கையில் கிடந்தபோது அறியத் தொடங்கிய ஒரு மாமனிதரின் வாழ்க்கையை இங்கே காண்போம். அவர்தாம் இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பாஸ்கு மக்கள் வாழும் மலைநாட்டில், லொயோலா என்னும் கோட்டை வீட்டில் 1491-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். அவருக்கு இட்ட பெயர் இனிகோ. பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை அவர். பிறந்த சிறிது காலத்திலேயே தாயை இழந்தார். அருகில் வாழ்ந்த கொல்லர் ஒருவரின் மனைவியே அவருக்குப் பாலூட்டி வளர்த்தாள்.

இளம் வயதிலேயே அவர் அரேவாலோ என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். அங்கே அரசாங்கக் கருவூல அதிகாரியாக விளங்கிய ஒரு பிரபுவின் மாளிகையில் பணிவிடை செய்து அரசவை நடைமுறைகளைக் கற்றார். வாள் வீசினார், நடனம் பயின்றார், பகட்டாக உடுத்தினார். வீரதீரக் கதைகளை விரும்பிப் படித்தார். போரில் பெயர் பெற வேண்டும், உயர்குலப் பெண்ணொருத்தியின் பாராட்டைப் பெற வேண்டும் என்பவையே அவருடைய ஆசைகள். அக்காலத்தில் அவரைப் போன்ற வாலிபர்கள் எல்லோருக்கும் இதே ஆசைகள்தாம் இருந்தன. அவை தம் சொந்த ஆசைகள்தாமா என்று அவர் ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை.

1521-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள். பம்ப்லோனா நகரைப் பிரெஞ்சுப் படை சூழ்ந்துகொண்டது. எதிரியின் படை பெரிது. கோட்டையில் இருந்தவர்களோ சிலர். சரணடைவதே நல்லது என்று மற்றவர்கள் கருதினர். இனிகோ ஒருவரே போரிட வேண்டும் என்று வாதாடி, கோட்டைத் தலைவரை இணங்கச் செய்தார். சண்டை மூண்டது. பீரங்கிக் குண்டு ஒன்று பாய்ந்து அவருடைய ஒரு காலை முறித்து, மற்றொரு காலையும் காயப்படுத்தியது. அவர் விழுந்ததும் கோட்டையும் வீழ்ந்தது. பிரெஞ்சு வீரர்கள் அவரைக் கண்ணியமாக நடத்தி, பல்லக்குப் போன்ற தூக்குக் கட்டிலில் அவருடைய வீட்டிற்கே அனுப்பி வைத்தனர்.

எலும்பு சரியாகக் கூடவில்லை என்று வைத்தியர்கள் மீண்டும் அதை முறித்து வைத்துக் கட்டினர். மயக்க மருந்து இல்லாத காலம் அது! ஜூன் மாத இறுதியில், புனித இராயப்பர் சின்னப்பர் திருநாளை ஒட்டி, அவர் பிழைப்பாரோ என்று ஐயுறும் நிலை வந்தது. எப்படியோ தேறினார். ஆனால் முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒன்று புடைத்துக்கொண்டு நின்றது. அப்படியிருந்தால் அக்கால நாகரிகத்திற்கேற்ற இறுக்கமான பூட்சு அணிய முடியாதே! அதற்காகவே அந்த எலும்பை அறுத்துவிடச் சொன்னார். கைகளை இறுக மூடிக்கொண்டு வாய் திறவாமல் அந்த வேதனையைத் தாங்கினார். அழகிய காலணிக்காக ஒரு மனிதர் இத்தனை பாடுபடுவாரா என்று நமக்கு வியப்பு வரலாம். பிறர் கண்ணுக்கு நன்றாகத் தோன்ற வேண்டும் என்னும் ஆசை அவ்வளவு வலிமை உடையது. நாமும் அதனிடமிருந்து முற்றிலும் தப்பியவர்கள் அல்லர்.

கால் குணமாகப் பல மாதங்கள் ஆயின. பொழுது போகாமல் வீரக் கதைப் புத்தகங்கள் கேட்டார். அந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. கிறிஸ்துநாதரின் வாழ்க்கை வரலாறும், புனிதர்களின் வரலாறுகள் அடங்கிய ஒரு நூலுமே கிடைத்தன. வேறு வழியின்றி அவற்றைப் படிக்கலானார்.

இங்கேதான் அவர் வாழ்வின் பெரிய திருப்பம் நிகழ்ந்தது. புத்தகத்தை மூடிவிட்டுக் கனவு காண்பார். சில வேளைகளில் அந்த உயர்குலப் பெண்ணை நினைப்பார். அவளைக் காண எப்படிப் போவது, என்ன பேசுவது, என்ன வீரச் செயல் புரிவது என்று மூன்று நான்கு மணி நேரம் தம்மை மறந்து கிடப்பார். வேறு சில வேளைகளில், அசிசி நகர் பிரான்சிஸும் சாமிநாதரும் செய்தவற்றைத் தாமும் செய்தால் என்ன என்று எண்ணுவார். யெருசலேமுக்கு வெறுங்காலுடன் நடப்பதாகக் கற்பனை செய்வார். இரண்டு கனவுகளுமே இனித்தன. ஆனால் ஒரு நாள் அவர் ஒன்றைக் கவனித்தார். முதற்கனவு கலைந்த பிறகு மனம் வறண்டு சலிப்படைந்தது. இரண்டாம் கனவு கலைந்த பிறகும் மகிழ்ச்சி மனத்தில் தங்கியது. காணும்போது இனிப்பது எது என்று கேட்பதை விட்டு, கண்டு முடித்த பின் எஞ்சி நிற்பது எது என்று அவர் கேட்கத் தொடங்கினார். அவர் பிற்காலத்தில் பிறருக்குக் கற்றுக் கொடுத்த வழிகளுக்கெல்லாம் இந்தச் சிறு கவனிப்பே வித்தாயிற்று.

1522-ஆம் ஆண்டில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். மொன்செராட் மலையிலுள்ள தேவமாதாவின் திருத்தலத்தை அடைந்தார். மங்கள வார்த்தைத் திருநாளுக்கு முந்தின இரவு தம் விலையுயர்ந்த ஆடைகளை ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, சாக்குத் துணி உடுத்தி, வாளையும் கட்டாரியையும் அங்கேயே விட்டு, இரவு முழுவதும் கண்விழித்துச் செபித்தார். மறுநாளே ஒரு செய்தி எட்டியது. அந்த ஆடைகளைத் திருடியதாகக் கருதி அந்தப் பிச்சைக்காரரைப் பிடித்துத் துன்புறுத்தினார்களாம். அதைக் கேட்டு அவர் கண்ணீர் விட்டார். நல்ல எண்ணத்தோடு செய்த காரியமும் பிறருக்குத் துன்பமாக முடியலாம் என்பதை அன்று கண்டார்.

பின்னர் மன்ரேசா என்னும் ஊரில் ஏறக்குறைய பதினொரு மாதங்கள் தங்கினார். பிச்சையெடுத்து உண்டார். தலைமுடியையும் நகங்களையும் வெட்டாமல் வளர விட்டார். அளவு கடந்து உபவாசம் இருந்தார். செய்த பாவங்களையே திரும்பத் திரும்ப எண்ணி, வாழ்வே வேண்டாம் என்னும் அளவுக்கு மனம் உடைந்தார். முடிவில் தெளிவு பிறந்தது. அங்கே தாம் பெற்ற அனுபவத்தைக் குறித்து வைக்கத் தொடங்கினார். 1548-ஆம் ஆண்டில் திருத்தந்தையின் அங்கீகாரம் பெற்ற ‘ஞானப் பயிற்சிகள்’ என்னும் நூல் அவ்வாறு உருவானதே.

வழி தெரிந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நாம் எண்ணுவோம். அவரும் அப்படித்தான் எண்ணினார். வாழ்நாள் முழுவதும் யெருசலேமிலேயே இருந்து விடுவது என்ற உறுதியோடு 1523-ஆம் ஆண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். ஆனால் அங்கே பொறுப்பிலிருந்த பிரான்சிஸ்கன் துறவியர் தலைவர், ஆபத்து மிகுந்த இடம் என்று கூறி அவரைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார். கனவு கண்ட ஊரில் சில வாரங்களே வாழ முடிந்தது. கீழ்ப்படிந்து கப்பலேறினார்.

இனி என்ன செய்வது? பிறருடைய ஆன்மாக்களுக்கு உதவ வேண்டுமானால் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். முப்பத்து மூன்று வயதில் பார்சலோனா நகரில் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் கற்றார். பாடத்தை மனனம் செய்ய உட்கார்ந்தால் போதும், பக்திச் சிந்தனைகள் வெள்ளமாகப் பெருகி வரும். பாடம் மறந்து போகும். செபத்தில் கூட வராத இந்த இனிமை பாட நேரத்தில் மட்டும் ஏன் வருகிறது என்று அவர் ஐயுற்றார். இது படிப்பைக் கெடுக்க வந்த சோதனையே என்று தெளிந்தார். ஆசிரியரிடம் சென்று, இனி ஒழுங்காகப் படிப்பதாக வாக்களித்தார். இனிமையாகத் தோன்றும் எண்ணத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அல்காலா, சாலமன்கா ஆகிய நகரங்களில் படித்தபோது அவருடைய போதனையின் மேல் சந்தேகம் கொண்டு சிறையில் வைத்தனர். குற்றம் ஒன்றும் காணப்படவில்லை. 1528-ஆம் ஆண்டு பாரிஸ் சென்றார். அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியவர்கள் பீட்டர் பாபரும் பிரான்சிஸ் சவேரியாரும். சவேரியாரின் தமையன்மார் முன்னைய போரில் எதிரணியில் நின்றவர்கள். பேரும் புகழும் பெறத் துடித்த சவேரியாரின் மனம் மாறப் பல காலம் ஆயிற்று. 1534-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், தேவமாதாவின் திருநாளன்று, மோன்மார்த்ர் குன்றில் ஏழு நண்பர்கள் கூடி வார்த்தைப்பாடு கொடுத்தனர். யெருசலேம் செல்வது, இயலாவிட்டால் திருத்தந்தை அனுப்பும் இடத்திற்குச் செல்வது என்பது அவர்களின் தீர்மானம்.

1537-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் கப்பலுக்காகக் காத்திருந்தனர். போரின் காரணமாகக் கப்பல் புறப்படவில்லை. எனவே உரோமைக்குச் சென்றனர். 1540-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் இயேசு சபையை அங்கீகரித்தார். அடுத்த ஆண்டு இஞ்ஞாசியார் அதன் முதல் தலைவரானார்.

அதன்பின் அவர் வாழ்வு எப்படிக் கழிந்தது தெரியுமா? உலகமெல்லாம் வெறுங்காலுடன் நடக்கக் கனவு கண்டவர், பதினைந்து ஆண்டுகள் பெரும்பாலும் உரோமையிலேயே மேசையருகே அமர்ந்து கடிதங்கள் எழுதினார். ஏறத்தாழ ஏழாயிரம் கடிதங்கள்! நடந்தவர் அவருடைய அறைத் தோழர் சவேரியார். நமது முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து, தமிழில் செபங்களைக் கற்பித்தவர் அவர். அவரைத் திரும்பி வரும்படி 1553-ஆம் ஆண்டில் இஞ்ஞாசியார் ஒரு கடிதம் அனுப்பினார். ஆனால் சவேரியாரோ 1552-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே சீனக் கரையருகே இறந்துவிட்டார். அந்தச் செய்தி உரோமைக்கு எட்டியிருக்கவில்லை. 1556-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் இஞ்ஞாசியாரும் இறைவனடி சேர்ந்தார். அப்போது சபையில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்தனர். 1622-ஆம் ஆண்டில் இருவரும் ஒரே நாளில் புனிதராக உயர்த்தப்பட்டனர். சென்னையில் 1925-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லொயோலாக் கல்லூரி இஞ்ஞாசியாரின் ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் ஆசைப்பட்ட ஊர் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஊருக்குப் பின்னால் இருந்த ஆசை, இறைவனுக்காகப் பிறருக்கு உதவும் ஆசை, நிறைவேறியது. தாம் விரும்பிய இடம் வேறு, தாம் விரும்பிய பொருள் வேறு என்று அவருக்கு வாழ்க்கை கற்றுத் தந்தது.

அன்புத் தோழியரே! பொதுத்தேர்வு முடிந்ததும் எந்தப் பாடப் பிரிவை எடுப்பது என்று நாம் முடிவு செய்தாக வேண்டும். சிலருக்கு வீட்டில் ஒரு விருப்பம், தமக்கு ஒரு விருப்பம். சிலருக்கோ எதுவும் தோன்றாத குழப்பம். இந்நேரத்தில் இஞ்ஞாசியார் தம் நூலில் காட்டிய சில வழிகள் நமக்குப் பயன்படும். முன்பின் அறியாத ஒருவர் நம் நிலையில் இருந்து யோசனை கேட்டால் அவருக்கு என்ன சொல்வோமோ, அதையே நாமும் செய்து பார்க்கலாம். சாகும் தறுவாயில் எந்த முடிவை எடுத்திருக்க வேண்டும் என்று விரும்புவோம் என எண்ணிப் பார்க்கலாம். மதிப்பெண் குறைந்தோ, யாரேனும் கடிந்துகொண்டோ மனம் சோர்ந்திருக்கும் வேளையில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு செபத்திற்குப் பின் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, இன்று எந்த எண்ணம் நம்மை வறட்சியில் விட்டது, எது மகிழ்ச்சியில் விட்டது என்று பார்க்கலாம். விடை ஒரே இரவில் கிடைக்காது. அவருக்கே பல ஆண்டுகள் ஆயின. ஆகையால் பெற்றோர்களே, எங்களிடம் உடனே விடை கேட்காமல் சற்றுப் பொறுத்திருங்கள். நாங்களும் எங்கள் மனத்தைக் கேட்டுப் பழகுகிறோம்.