மனோதத்துவப் பேராசான் வில்லியம் ஜேம்ஸ்

அநகாரிக தர்மபாலர் அமெரிக்கா சென்றிருந்த காலத்தில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் ஒரு வகுப்பிற்குச் சென்றார் என்றும், அவரது காவியுடையைக் கண்ட பேராசிரியர் எழுந்து தம் ஆசனத்தை அவருக்களித்துத் தாம் மாணவரோடு அமர்ந்தார் என்றும் பௌத்தர்களுக்குள் ஒரு செய்தி நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அப்பேராசிரியரே வில்லியம் ஜேம்ஸ். நம்மில் பலர் அவரை அந்த ஆசனத்தோடு மறந்துவிடுகிறோம். அவருடைய வாழ்க்கையோ அதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. துயரம் மனத்தைக் கவ்வும்போது அதன் பிடியை எதனால் தளர்த்துவது என்னும் வினாவை ஏட்டில் எழுதுமுன் தம் உடம்பிலேயே கண்டவர் அவர்.

1842ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் நியூயார்க் நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். புகழ்பெற்ற நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் இவருக்கு இளையவர். ஓவியம் பயிலத் தொடங்கி அதனை விடுத்தார்; 1861இல் ஹார்வர்டில் விஞ்ஞானம் கற்கப் புகுந்து, பின்னர் வைத்தியத்திற்கு மாறினார். 1865இல் அகாசிஸ் என்னும் அறிஞரோடு பிரேசில் நாட்டு அமேசான் ஆற்றுப் பகுதிக்குச் சென்று அம்மை கண்டு வருந்தினார். 1869இல் வைத்தியப் பட்டம் பெற்றார். ஆயினும் வைத்தியத் தொழில் நடத்தினாரில்லை.

நடத்தும் நிலையில் அவர் இல்லை என்பதே உண்மை. கண் நோவும் முதுகு வலியும் அவரை வருத்தின. உயிரை மாய்த்துக் கொள்ளலாமா என்னும் எண்ணம் பலகால் வந்து வந்து போயிற்று. 1870 மார்ச்சில் அன்பிற்குரிய உறவினளான மின்னி டெம்பிள் என்ற இளம்பெண் காசநோயால் இறந்தாள். அக்காலத்தையொட்டி ஒருநாள் மங்கிய மாலையொளியில் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தவரைக் காரணமின்றிப் பேரச்சம் பற்றிக் கொண்டது. மனநோய் மருத்துவமனையில் தாம் முன்பு கண்ட ஓர் இளைஞனின் உருவம், அசையாது குந்தியிருந்த அந்த உருவம், கண்முன் எழுந்தது. அவனுக்கு நேர்ந்தது தமக்கும் நேரலாம், தடுப்பது யாதுமில்லை என்று உணர்ந்தார். அதன்பின் நெடுநாள் விடியற்காலைதோறும் அடிவயிற்றில் ஓர் திகிலோடு கண்விழித்தார். இந்நிகழ்ச்சியை 1902இல் தாம் வெளியிட்ட நூலில் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியனுப்பியதாகச் சேர்த்தார். அது தம்முடைய அனுபவமே என்று பின்னரே ஒப்புக்கொண்டார். பேராசிரியருக்கும் வெட்கம் உண்டு அன்றோ!

1870 ஏப்ரல் 30ஆம் நாள் அவர் நாட்குறிப்பில் ஒரு திருப்பம் காணப்படுகிறது. ரெனூவியே என்ற பிரெஞ்சுத் தத்துவ ஞானியின் கட்டுரையைப் படித்து, மனிதன் தன் கவனத்தைத் தானே திருப்பவல்லவன் என்பதை ஏற்று நடப்பதாக உறுதி கொண்டார். அன்றே நோய் நீங்கிற்று என்று எழுதினால் அது பொய்யாகும். 1873 முதல் மாணவருக்கு உடற்கூற்றியல் கற்பிக்கும் பணியும், 1878இல் ஆலிஸ் அம்மையாரை மணந்ததும் அவரைச் சிறிது சிறிதாக நிலைப்படுத்தின.

1884இல் அவர் வெளியிட்ட கட்டுரை உலகைத் திகைக்க வைத்தது. துயர் வந்து அழுகிறோம் என்று நாம் கருதுகிறோம். அழுவதாலேயே துயர் உணரப்படுகிறது என்றார் அவர். உடம்பின் மாறுதலை மனம் அறிவதே உணர்ச்சி என்பது கருத்து. ஆகவே, சோர்ந்து குனிந்து பெருமூச்செறிந்து கொண்டிருந்தால் சோர்வே வளரும். நிமிர்ந்து முகமலர்ந்து இனிது பேசப் பழகினால் வேண்டாத உணர்ச்சி மெல்ல அகலும் என்று துணிந்தார். கோணிய ஆப்பினை நல்ல ஆப்பினால் அடித்து வெளியேற்றும் தச்சனைப்போல், தீய எண்ணத்தை நல்லெண்ணத்தால் நீக்கலாம் என்று பகவன் அருளியதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

இக்கொள்கைக்கு மறுப்பும் எழுந்தது. அவருடைய மாணவரான கானனே 1927இல் வன்மையாக எதிர்த்தார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. அமெரிக்காவில் பிரெட்ரிக்சன் அம்மையாரும் உடனாய்ந்தோரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், மேடைப்பேச்சு நிகழ்த்த வேண்டுமெனச் சொல்லி மாணவர்களைப் பதறச் செய்து, பின்னர்ச் சிறு திரைப்படக் காட்சிகளைக் காட்டினர். மகிழ்ச்சியோ அமைதியோ தரும் காட்சியைக் கண்டவர்களின் இதயத் துடிப்பு, ஏனையோரினும் விரைவில் இயல்புக்குத் திரும்பியது. மகிழ்ச்சி, பதற்றத்தை வாராமல் தடுக்கவில்லை, வந்ததைக் கலைத்தது.

ஆயினும் துன்பத்தைக் காணாததுபோல் நகைத்திருத்தலை ஜேம்ஸ் ஒருபோதும் போதுமானதென்று கொண்டாரில்லை. 1902ஆம் ஆண்டு நூலில், துன்பத்தை நேர்நின்று நோக்கும் சமயங்களே நிறைவானவை என்று கூறி, பௌத்தத்தையும் கிறிஸ்தவத்தையும் எடுத்துக்காட்டினார். பௌத்தத்தைத் தாம் அறியாதவர் என்று வெளிப்படையாகக் கூறிக்கொண்டு, தமக்குப் புரிந்தவரையில் கருமக் கோட்பாட்டிற்குத் தாம் உடன்படுவதாகவும் அதே நூலின் இறுதியில் எழுதினார். அறியாததை அறியேன் என்ற அந்த நேர்மைக்காகவே அவரை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

1906 ஏப்ரல் 18ஆம் நாள் விடியற்காலை. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் கற்பித்து வந்த ஜேம்ஸ் படுக்கையில் விழித்திருந்தார். பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. அறையின் பொருள்கள் உருண்டு விழுந்தன. முன்பு காரணமின்றி நடுங்கிய அதே மனிதருக்கு இப்போது அச்சம் தோன்றவில்லை. வியப்பும் ஒரு களிப்புமே தோன்றின! உடன் பணிபுரிந்த ஓர் அம்மையாரின் உடன்பிறந்தாளைத் தேடி அன்றே சான் பிரான்சிஸ்கோவிற்கு இரயிலேறினார். நகரம் தீப்பற்றி எரிந்து கொண்டிருந்தது. இறந்தோர் மூவாயிரம் பேர்வரை இருக்கலாம் என்பது இற்றை மதிப்பு. அங்கே புலம்பலைவிட ஒருவர்க்கொருவர் உதவும் சுறுசுறுப்பையே அவர் மிகுதியும் கண்டார். துயர் அனைவர்க்கும் பொதுவானபோது தனிமையின் கொடுமை குறைகிறது என்றும், தொலைவிலிருந்து எண்ணிப் பார்ப்பவரே மிகுதியும் உருகுகின்றனர் என்றும் எழுதினார்.

1898இல் மலையேறியபோது கெட்ட இதயம் நாளுக்கு நாள் நலிந்து வந்தது. 1907இல் பல்கலைக் கழகப் பணியை விட்டார். 1910இல் தம்பி ஹென்றி இங்கிலாந்தில் கடுஞ்சோர்வு நோயில் வீழ்ந்தார். அச்சோர்வின் சுவையை அறிந்த தமையனார், தாமே மூச்சுத் திணறும் நிலையிலும் மனைவியுடன் கடல் கடந்து சென்று அவரருகே இருந்தார். பின்னர் ஹென்றியையும் உடனழைத்துக் கொண்டு தாயகம் திரும்பினார். சொக்கொருவா என்ற மலையூரிலுள்ள தம் இல்லத்தை அடைந்த சில நாட்களில், ஆகஸ்ட் 26ஆம் நாள், மனைவியின் கைகளிலே உயிர் நீத்தார்.