இறுதி நாளுக்கு ஆயத்தமாய் வாழ்ந்தவர்: புனித யோசேவ் வாஸ் அடிகளார்

ஞாயிறுதோறும் திருப்பலியில் நாம் விசுவாசப் பிரமாணம் சொல்லுகிறோம். கிறிஸ்து மீண்டும் வருவார், வாழ்வோரையும் இறந்தோரையும் தீர்ப்பிடுவார், இறந்தவர்கள் உடலோடு உயிர்ப்பார்கள் என்று எல்லோரும் சேர்ந்து அறிக்கையிடுகிறோம். வாய் சொல்லிவிடுகிறது, மனமோ அதிலே தங்குவதில்லை. ஆனால் லயத்து வாசலில் யாரோ ஒருவர் துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கொடுத்து, உலகம் இன்ன ஆண்டில் முடியப்போகிறது என்று சொல்லிவிட்டால், வீட்டிலுள்ள பெரியவர்கள் முதல் சிறுவர்கள் வரை கலங்கிப்போகிறார்கள்.

1999ஆம் ஆண்டு முடிந்து 2000 பிறக்கும் வேளையில் இப்படிப்பட்ட பேச்சு எங்கும் பரவியது. 2012 டிசம்பரிலும் பரவியது. அந்த நாட்கள் வந்தன, போயின. மறுநாள் காலையில் வழக்கம்போலப் பிரட்டுக்குப் போனோம், கொழுந்து எடுத்தோம்.

அந்த நாளும் வேளையும் எவருக்கும் தெரியாது என்று ஆண்டவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே திருச்சபை நாள் குறிப்பதில்லை, ஆயத்தமாயிருக்கச் சொல்லுகிறது. மரணம், தீர்வை, மோட்சம், நரகம் என்னும் நான்கு இறுதிக் காரியங்களை நம் பாட்டன் பாட்டிமார் ஞானோபதேச வகுப்பிலே மனனம் செய்தார்கள். ஆனால் ஆயத்தமாயிருப்பது எப்படி? இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒருவருடைய வாழ்க்கையையே காட்டலாம். அவர் எங்கோ தொலைவில் வாழ்ந்தவர் அல்லர். நமது மலைநாட்டிலேயே உழைத்து, நமது மறைமாவட்டத்தின் தலைநகராகிய கண்டியிலேயே உயிர்நீத்தவர். அவரே இலங்கையின் அப்போஸ்தலர் என்று போற்றப்படும் புனித யோசேவ் வாஸ் அடிகளார்.

கோவாவிலே பிறந்த குழந்தை

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில், தாயாரின் இல்லத்தில் யோசேவ் பிறந்தார். தந்தை கிறிஸ்தோவாம் வாஸ், தாய் மரியா டி மிராண்டா. இருவரும் பக்தியுள்ள கத்தோலிக்கர். கல்வியிலும் செபத்திலும் சிறந்து விளங்கிய இளைஞர், 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அடுத்த ஆண்டு, தேவதாயின் அடிமையாகத் தம்மை முழுவதும் ஒப்புக்கொடுத்து, ஒரு பத்திரமே எழுதிக் கையொப்பமிட்டார். அன்றிலிருந்து தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவராய் வாழ்ந்தார்.

1681 முதல் 1684 வரை கன்னட நாட்டில் மறைப்பணி புரிந்தார். பின்னர் கோவாவுக்குத் திரும்பி, இந்தியக் குருக்கள் ஒன்றுகூடி வாழ்ந்த சிறு குழுவொன்றிலே சேர்ந்து, அதன் தலைவரானார். புனித பிலிப் நேரியாரின் ஒழுங்கைத் தழுவிய ஒறற்றோரியன் சபையாக அது வளர்ந்தது.

அக்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த செய்திகள் அவருடைய உள்ளத்தை வாட்டின. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திவிட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அறிவித்திருந்தார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அங்குள்ள கத்தோலிக்கருக்குத் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. சாகும் தறுவாயில் கிடப்பவனுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஒரு குருவும் இல்லை. இந்த ஆன்மாக்கள் எவ்வித உதவியுமின்றித் தம் இறைவனுக்கு முன் போய் நிற்கவேண்டியிருக்கிறதே என்னும் கவலைதான் யோசேவ் வாஸ் அடிகளாரை இலங்கைக்கு வரச்செய்தது.

கஞ்சி கொடுத்த கை

1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்ட அடிகளார், தூத்துக்குடியில் தங்கித் தமிழ் கற்றார். குருவின் உடையைக் களைந்து, கூலியாளைப்போல வேடம் பூண்டு, யோவான் என்னும் ஊழியருடன் தோணியேறினார். 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது இருவரும் கடும் வயிற்றுளைவினால் நடக்கவும் மாட்டாதவர்களாய் இருந்தார்கள். தொற்றுநோய் என்று அஞ்சி ஊரார் அவர்களை ஒதுக்கிவிட்டார்கள். ஏழைப் பெண்ணொருத்தி நாள்தோறும் கொஞ்சம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததால் இருவரும் உயிர்பிழைத்தார்கள் என்று அவரது வரலாறு கூறுகிறது. நோயாளியாகக் கைவிடப்படுவது எப்படியிருக்கும் என்பதை இவ்வாறு அவர் தம் உடலிலேயே அறிந்துகொண்டார். அந்தக் கஞ்சியை அவர் மறக்கவில்லை என்பது பத்து ஆண்டுகளின்பின் கண்டியிலே தெரியவந்தது.

உடல் தேறியதும், கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சையெடுக்கப் போனார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மலர்கிறதோ அவர்களே கத்தோலிக்கர் என்று அறிந்துகொள்வது அவருடைய உபாயம். இவ்வாறு மறைந்திருந்த விசுவாசிகளைக் கண்டுபிடித்து, சில்லாலையில் தங்கி, இரவு வேளைகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானதும் புத்தளம் பகுதிக்குப் போய்ப் பணியாற்றி, அங்கிருந்து 1692இல் கண்டிக்கு வந்தார்.

கண்டியிலே கைதி

அப்போது கண்டியை ஆண்டவன் இரண்டாம் விமலதர்மசூரியன். கல்வின் மதத்தைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், இவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று அரசனிடம் கூறியதால், அடிகளார் சிறைப்பட்டார். அவரோ முறைப்பாடு செய்யாமல் சிங்கள மொழியைக் கற்கத் தொடங்கினார். காவல் சிறிது தளர்ந்ததும், அடைபட்டிருந்த இடத்திலேயே ஓலைக் குடிசை ஒன்றை அமைத்து, அதையே கோயிலாக்கிக்கொண்டார். நாட்கள் செல்லச் செல்ல, இவர் ஒற்றர் அல்லர், தவசி என்பதை அரசன் உணர்ந்தான். நாட்டில் கடும் வரட்சி உண்டானபோது அடிகளார் செபித்ததும் மழை பெய்தது என்றும், அவர் முழந்தாளிட்ட இடம் மட்டும் நனையாதிருந்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அம்மை வந்த ஆண்டு

1697இல் கண்டி மாநகரைப் பெரியம்மை தாக்கியது. அந்நாளில் அதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. அரசன் நகரை விட்டு வெளியேறினான்; பிரபுக்களும் வெளியேறினார்கள். நோய் கண்டவர்களை வீட்டாரே காட்டிலே கொண்டுபோய் விட்டார்கள். தெருக்களில் பிணங்கள் கிடந்தன. அன்று கண்டியிலிருந்த எவனாவது உலகம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தால், அவனைக் குறைசொல்ல இயலாது.

யோசேவ் வாஸ் அடிகளார் நகரை விட்டுப் போகவில்லை. கோவாவிலிருந்து புதிதாக வந்திருந்த அவருடைய மருமகன் முறையான யோசேவ் கர்வால்யோ அடிகளாரும் அவரோடு நின்றார். ஆட்கள் ஓடிப்போனதால் வெறுமையாய்க் கிடந்த வீடுகளை இருவரும் மருத்துவமனைகளாக்கினார்கள். காட்டில் விடப்பட்டவர்களைத் தேடிக் கொண்டுவந்தார்கள். புண்களைக் கழுவினார்கள், கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள், இறந்தவர்களைத் தங்கள் கைகளாலேயே புதைத்தார்கள். கிறிஸ்தவர், பௌத்தர் என்று வேறுபாடு பார்க்கவில்லை. அரசன் திரும்பிவந்து நடந்ததை அறிந்தபோது, இந்தக் குருமட்டும் இல்லையென்றால் தலைநகரத்துத் தெருக்களெல்லாம் பிணக்காடாயிருக்கும் என்று சொன்னதாக வரலாறு கூறுகிறது. அன்றுமுதல் அவர் சுதந்திரமாக மறைப்பணி செய்ய வழி திறந்தது.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்திலே பொதுத்தீர்வை விவரிக்கப்படுகிறது. அங்கே நீதிபதியாக வீற்றிருக்கும் ஆண்டவர், உலகம் முடியும் ஆண்டைச் சரியாகக் கணக்கிட்டாயா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. பசித்தவனுக்கு உணவளித்தாயா, நோயாளியைப் பார்க்கச் சென்றாயா என்றே கேட்கிறார். அந்தத் தேர்வுக்குரிய வினாத்தாளை அவர் முன்கூட்டியே நமக்குத் தந்துவிட்டார். யோசேவ் வாஸ் அடிகளார் அதற்குரிய விடையைக் கண்டித் தெருக்களிலே எழுதினார்.

நன்மரணம்

அதன்பின்பும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. வன்னிக் காடுகளையும் மலைப்பாதைகளையும் வெறுங்காலோடு கடந்து, மக்களைத் தேடிச் சென்றார். குருக்கள் சிலரே இருந்தபடியால், ஊர்தோறும் மூப்பர், அண்ணாவிமார் ஆகியோரை ஏற்படுத்தினார். குரு வர முடியாத நாட்களில் செபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, மரிப்பவர்களின் அருகிருந்து செபிப்பது ஆகியவை இவர்களின் கடமைகள். குருவானவர் மாதத்தில் ஒருமுறை வந்துபோகும் தோட்டத்திலே, உபதேசியார் சாவு வீட்டுக்கு வந்து செபம் சொல்லும்போது, அந்தப் பழைய வழக்கம்தான் தொடர்கிறது. 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை எழுதி இப்பணிக்குத் துணைநின்றார்.

ஓயாத பயணங்களாலும் நோயாலும் யோசேவ் வாஸ் அடிகளாரின் உடல் தளர்ந்தது. 1711 ஜனவரி 16ஆம் திகதி, தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று, உடன் குருக்கள் சூழ்ந்திருக்க, கண்டியிலே அவர் உயிர்நீத்தார். அப்போது வயது 59. உயிர் பிரியுமுன் தம்மைச் சூழ்ந்து நின்றவர்களுக்கு ஒரு படிப்பினை கொடுத்தார். வாழ்நாளெல்லாம் செய்யாமல் விட்டதை மரண வேளையிலே செய்துவிடுவது எளிதன்று என்பதே அது. மரணத்தைப் பற்றியும் தீர்வையைப் பற்றியும் இதைவிடச் சுருக்கமான ஞானோபதேசம் வேண்டுமா?

1995 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015 ஜனவரி 14ஆம் திகதி அதே திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கைத் திருச்சபையின் முதற் புனிதர் அவரே.

பெயர் தெரியாத கல்லறைகள்

ஒன்றை மட்டும் நாம் இங்கே கவனிக்கவேண்டும். இவ்வளவு பெரிய புனிதரின் கல்லறை இன்று நம்மிடம் இல்லை. கண்டியிலே அவர் அடக்கம் செய்யப்பட்ட கோயில் பிற்காலத்தில் அழிந்துபோனது. அவருடைய திருவுடலின் எச்சங்கள் கிடைக்கவேயில்லை.

மலைநாட்டுக் குடும்பங்களாகிய நமக்கு இது அந்நியமான கதையன்று. யோசேவ் வாஸ் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தபின், கோப்பித் தோட்டங்களுக்காக நமது மூதாதையர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாக வந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் கண்டு வழியிலே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டே மற்றவர்கள் முன்னே போனார்கள். பின்பு 1867இல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் உருவாகி, ஹற்றன், நுவரெலியா மலைகளெல்லாம் பச்சையாயின. அந்த மலைகளைப் பச்சையாக்கியவர்கள் தேயிலைச் செடிகளின் அடியிலேயே புதைக்கப்பட்டார்கள். அவர்களில் பலருக்குக் கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை, பெயரும் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் மண்சரிவு லயங்களை மூடியபோது, உடல்கள்கூடக் கிடைக்காமல் கண்ணீர் வடித்த குடும்பங்களும் உண்டு.

சரீரங்களின் உத்தானம் என்னும் விசுவாசம் இங்கேதான் நம் நெஞ்சுக்கு ஆறுதலாகிறது. கல்லறையின் அடையாளத்தை மனிதர் இழக்கலாம், இறைவன் இழப்பதில்லை. கண்டியில் எங்கோ உறங்கும் யோசேவ் வாஸையும், மாத்தளை வழியில் விழுந்த கூலியாளையும், மண்ணுக்கடியில் போன பிள்ளையையும் அவர் பெயர் சொல்லி எழுப்புவார். இறுதி நாள் என்பது அழிவின் நாள் மாத்திரமன்று. பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் மீண்டும் காணும் நாளும் அதுவே. ஆகவே ஆண்டவரை நேசிப்பவர்கள் அந்நாளை நடுங்கிக்கொண்டல்ல, எதிர்பார்த்துக்கொண்டே காத்திருக்கிறார்கள்.

ஆனால் தீர்வை உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதற்கு ஆயத்தம் செய்யக் கண்டி வரை போகவேண்டியதில்லை. படுத்த படுக்கையாய் யாராவது கிடக்கும் காம்பிரா நம் லயத்திலேயே இருக்கிறது. வயோதிபத் தாயொருத்தி, பிள்ளைகள் கொழும்பிலே வேலைக்குப் போய்விட்டதால், தனித்துக் கிடக்கிறாள். அடுத்த முறை யாராவது உலக முடிவின் ஆண்டைச் சொல்லிப் பயமுறுத்தினால், அவரோடு தர்க்கிக்க வேண்டாம். ஒரு கோப்பைக் கஞ்சியை எடுத்துக்கொண்டு அந்தக் காம்பிராவுக்குப் போவோம். நம்மை ஒருநாள் தீர்ப்பிடப்போகிறவர் அங்கே முன்னமே வந்து காத்திருக்கிறார்.

ஜனவரி 16ஆம் திகதி புனிதரின் திருநாள். அன்று குடும்பமாகக் கூடிச் செபமாலை சொல்லி, இறந்துபோன நம் முன்னோருக்காகவும், நன்மரண வரத்துக்காகவும் அவருடைய மன்றாட்டை நாடுவோமாக.

புனித யோசேவ் வாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.