முழங்கையால் அழித்த மேதை

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு ஓட்டு வீடு. திண்ணையில் ஒரு வாலிபர் உட்கார்ந்திருப்பார். மடியில் பெரிய சிலேட்டு. கை விறுவிறு என்று எழுதும். சிலேட்டு நிறைந்ததும் துணியைத் தேடமாட்டார். முழங்கையால் துடைப்பார். மறுபடியும் எழுதுவார்.

அவர்தான் கணித மேதை ராமானுஜம்.

காகிதம் வாங்கப் பணம் இல்லை

1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். தகப்பனார் ஜவுளிக்கடை குமாஸ்தா. ராமானுஜத்துக்குக் கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லவில்லை. கல்லூரிப் பரீட்சையில் தோற்றார்.

காகிதம் வாங்கப் பணம் இல்லை. ஆகவே சிலேட்டில் கணக்குப் போட்டார். முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு, மற்றதை அழித்தார்.

சிலேட்டு சிறிது. கணக்கோ பெரிது. இதே சங்கடம் இன்றைய கம்ப்யூட்டருக்கும் உண்டு.

கம்ப்யூட்டரின் சிலேட்டு

கம்ப்யூட்டரின் சிலேட்டுக்கு நினைவகம் என்று பெயர். முடிந்த வேலையை அழித்தால்தான் அடுத்த வேலைக்கு இடம் கிடைக்கும். விமானத்தையும் ராக்கெட்டையும் செலுத்தும் கம்ப்யூட்டர், அழிப்பதற்காக நின்றுவிடக் கூடாது. அழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது முன்பே திட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து!

1969 ஜூலை 20. அப்போலோ 11 சந்திரனில் இறங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் வேலைகள் குவிந்தன. காலி இடம் இல்லை. அபாய அறிவிப்பு வந்தது. ஆனால், அவசரமில்லாத வேலைகளைத் தள்ளிவிட்டு, அவசியமான வேலையைத் தொடரும்படி முன்பே ஏற்பாடு செய்திருந்தார்கள். கலம் பத்திரமாக இறங்கியது.

எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது? ராமானுஜத்தின் வாழ்க்கையிலும் இதுவே பெரிய கேள்வி ஆயிற்று.

மயிலாப்பூரில்

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-ல் கப்பல் ஏறினார். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1919-ல் நோயாளியாகத் திரும்பினார். மயிலாப்பூர் லஸ்ஸில் சில காலம் தங்கினார். படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஏப்ரல் 26-ந் தேதி சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

அவர் எழுதிய தாள்களை மனைவி ஜானகி பத்திரப்படுத்தினார். அவற்றில் ஒரு பகுதி 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது.

நோட்டில் எழுதிய முடிவுகள் நிலைத்தன. அந்த முடிவுகளுக்கு அவர் சென்ற வழி சிலேட்டோடு போயிற்று. அந்த வழியைத் தேடிக் கணித அறிஞர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள்.

கொஞ்சம் காகிதம் இருந்திருந்தால் அந்த வழியும் நமக்குக் கிடைத்திருக்கும்!