பாட்டை மக்களுக்கே திருப்பித் தந்த சோல்தான் கோடாய்

ஆலயத்தில் பாடுவது பாடற்குழுவின் வேலை, மற்றவர் கேட்டுக்கொண்டு நின்றால் போதும் என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. முன்னர் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் ஆர்மோனியம் பழுதாகிவிட, மூன்று ஞாயிறுகள் பாட்டே இல்லாமல் திருப்பலி நடந்தது. பழுதானது ஆர்மோனியந்தானே, தொண்டைகள் அல்லவே என்று அப்போது எமக்கும் தோன்றவில்லை. ஜூபிலி மலருக்குப் பாடற்குழுவைப் பற்றி ஏதேனும் எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, ஹங்கேரி நாட்டில் ஒரு தலைமுறையையே பாட வைத்த இசை அறிஞர் ஒருவரின் வாழ்க்கை எம் நினைவுக்கு வந்தது.

சோல்தான் கோடாய் 1882 டிசம்பர் 16 அன்று கெச்கெமேத் நகரில் பிறந்தார். தந்தை இரயில்வேயில் பணிபுரிந்தவர். மாற்றல் வரும்போதெல்லாம் குடும்பமும் ஊர் மாறியது. இளமையின் ஏழு ஆண்டுகள் கலாந்தா என்னும் சிற்றூரில் கழிந்தன. அங்கே பள்ளியில் உடன் படித்த பிள்ளைகள் காலில் செருப்பில்லாத ஏழைகள். ஆயினும் அவர்கள் வாயில் பாட்டு இருந்தது. ஐம்பது வயதைக் கடந்தபின் இரு குரலில் பாடும் பயிற்சிப் பாடல்களை வெளியிட்டபோது, அந்தத் தோழர்களை எண்ணியே அவற்றை எழுதியதாக அவர் முன்னுரையில் குறித்தார்.

பின்னர் நாட்சொம்பத் நகரில் (இன்று ஸ்லோவாக்கியாவின் திர்னாவா) படித்தபோது பேராலயப் பாடற்குழுவில் பாடினார். அங்கிருந்த பழைய இசை ஏடுகளைப் புரட்டிப் புரட்டியே பெரும் இசைமேதைகளை அறிந்துகொண்டார். வீட்டில் நால்வர் சேர்ந்து வாசிக்கச் செல்லோ வாசிப்பவர் இல்லை என்றதும் அதையும் தாமாகவே கற்றார்.

1900இல் புடாபெஸ்ட் சென்று இசைக்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1905இல் கலாந்தா வட்டாரத்துக் கிராமங்களுக்குத் திரும்பிப் போய் முதியோர் பாடிய நாட்டுப் பாடல்களைத் திரட்டத் தொடங்கினார். நண்பர் பேலா பார்டோக்கும் இப்பணியில் சேர்ந்தார். மெழுகு உருளையில் குரலைப் பதியும் கருவியோடு இருவரும் ஊர் ஊராக அலைந்தனர். 1906இல் இருபது பாடல்களை இருவரும் சேர்ந்து வெளியிட்டனர். நகரத்தார் நாட்டுப்பாட்டு என்று நம்பி ரசித்தது வேறு, குடியானவர் பாடியது வேறு என்பது இந்த அலைச்சலில்தான் தெளிவாயிற்று.

1923இல், புடா, பெஸ்ட் முதலிய நகரங்கள் ஒன்றான ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக, 55ஆம் திருப்பாடலின் பழைய ஹங்கேரிய வடிவத்துக்கு அவர் இசையமைத்தார். அதனால் வந்த புகழோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் 1925இல், ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவியர் சிலர் தரமற்ற பாட்டுகளைப் பாடிச் சென்றது அவர் காதில் விழுந்தது. நாளை பள்ளிகளில் கற்பிக்கப் போகிறவர்களே இப்படியா என்று அவர் மனம் நொந்தார். அதுமுதல் சிறுவர் பாடற்குழுக்களுக்கெனத் தொடர்ந்து எழுதினார். நாடெங்கும் சென்று அவர்கள் பாடுவதைக் கேட்டார். தலைநகரின் ஓபரா இயக்குநரைவிடச் சிற்றூர்ப் பாட்டு ஆசிரியரே நாட்டுக்கு முக்கியம் என்பது அவர் கருத்து. எமக்கும் அதுவே சரியெனப் படுகிறது. 1934இல் அவருடைய மாணவர்கள் தொடங்கிய 'பாடும் இளைஞர்' இயக்கம் பள்ளிப் பாடற்குழுக்களை ஒரே மேடையில் கூட்டியது.

அவர் வழி எளியது. முதலில் குரல், பிறகே கருவி. முதலில் தாய்மொழிப் பாட்டு, பிறகே அயல்நாட்டு இசை. ஸ்வரங்களைச் சொல்லிப் பாடப் பழக்குவர். நம் 'ச' எந்தச் சுருதியிலும் நிற்பதுபோல அவர்களுடைய 'தோ'வும் இடம் மாறும். ஆங்கிலேயப் போதகர் ஜான் கர்வனின் கைச்சைகைகளும் பயன்பட்டன. ஸ்வரப் பெயர்களோ, 11ஆம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி குய்தோ, புனித அருளப்பர் பாடல் ஒன்றிலிருந்து எடுத்தவை. இவற்றையெல்லாம் கோடாய் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சிதறிக் கிடந்ததை ஒன்றுசேர்த்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்.

போர்க் காலம் கொடியது. துணைவியார் எம்மா யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1944இல் இருவரும் கன்னியர் மடம் ஒன்றில் ஒளிந்திருந்து, பின் ஓபரா மாளிகையின் நிலவறையில் தஞ்சம் புகுந்தனர். ஆர்கனுக்கென முன்பே எழுதிய திருப்பலி இசையைக் கோடாய் அந்நாட்களில் பாடற்குழுவுக்கென மாற்றி எழுதினார். 1945 பிப்ரவரியில், ஆற்றின் மறுகரையில் இன்னும் சண்டை நடந்துகொண்டிருக்க, ஓபராவில் மேலங்கிகளை வைக்கும் அறையில் அது முதன்முறை பாடப்பட்டது. ஆர்கன் ஏது? ஒரு ஆர்மோனியந்தான் துணை. எம் பழைய பங்கின் ஆர்மோனியத்தை நினைத்துக்கொள்கிறோம்.

1950இல் பிறந்த ஊரான கெச்கெமேத்தில், நாள்தோறும் பாட்டு கற்பிக்கும் முதல் தொடக்கப் பள்ளி ஏற்பட்டது. அங்குப் படித்த பிள்ளைகள் மற்றப் பாடங்களிலும் நன்றாகத் தேறினர் என்று கேள்விப்பட்டு அயல்நாட்டு ஆசிரியர்கள் பார்க்க வந்தனர். 1967 மார்ச் 6 அன்று கோடாய் மறைந்தார். அவர் பெயரால் 1975இல் அந்நகரில் தொடங்கிய இசைப் பயிலகம் பழைய பிரான்சிஸ்கன் மடம் ஒன்றில் அமைந்தது. துறவிகள் ஒருகாலத்தில் செபமாலை சொல்லி நடந்த அதே தாழ்வாரங்களில், பல நாட்டு ஆசிரியர்கள் 'தோ, ரே, மி' பாடிப் பழகினர்.