டைட்டானிக்கை நோக்கி விரைந்த மீகாமன்

1912 ஏப்ரல் 15ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் கார்பேதியா என்னும் கப்பலில் நிகழ்ந்ததை அறிய விழைவோர், அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்னரே தொடங்குதல் வேண்டும். 1869இல் இங்கிலாந்தின் போல்ட்டன் நகரருகே பிறந்த ஆர்தர் ராஸ்ட்ரன், இளமையிலேயே கான்வே எனும் பயிற்சிக் கப்பலில் சேர்ந்தார். பின்னர்ப் பாய்க்கப்பல்களில் உழைத்து, 1895இல் குனார்டு நிறுவனத்தில் பணியேற்றார். மது அருந்தாதவர், புகைப் பழக்கம் இல்லாதவர், வழிபாட்டில் பற்றுடையவர். அவரது சுறுசுறுப்பைக் கண்ட உடன்பணியாளர் அவரை மின்பொறி என்றே அழைத்தனர்.

கார்பேதியாவின் தலைமையை அவர் ஏற்று மூன்று மாதங்களே ஆகியிருந்தன. நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடல் நோக்கி எழுநூறுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் அக்கப்பல் சென்றுகொண்டிருந்தது. உறங்கச் சென்றிருந்த ராஸ்ட்ரனின் அறைக்குள், கதவையும் தட்டாமல், கம்பியில்லாத் தந்தி இயக்குநர் நுழைந்தார். டைட்டானிக் மூழ்குகிறது என்பது செய்தி. மூழ்கவே மூழ்காது எனப் பலரும் நம்பியிருந்த கப்பல்! ராஸ்ட்ரன் முதலில் கப்பலைத் திருப்ப ஆணையிட்டார். செய்தி உறுதிதானா என்று அதன் பின்னரே வினவினார். இவ்வரிசையை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

டைட்டானிக் அறிவித்த இடம் 58 கடல் மைல் தொலைவு. அடுத்து அவர் இட்ட ஆணைகளில் தடுமாற்றமே இல்லை. அறைகளுக்குச் செல்லும் வெப்பத்தை நிறுத்தி, நீராவி முழுவதையும் எந்திரங்களுக்குத் திருப்பச் செய்தார். மூன்று மருத்துவரையும் மூன்று உணவுக்கூடங்களில் அமர்த்தினார். சூடான பானங்கள், கம்பளிகள், ஏணிகள், குழந்தைகளைத் தூக்கியெடுக்கக் கித்தான் பைகள் யாவும் ஆயத்தமாயின. பனிப்பாறைகளைக் கண்டறியக் கூடுதல் காவலரை நிறுத்தினார். பிறரைக் காக்கத் தம் பயணிகளையே இடருக்குள்ளாக்குகிறோம் என்பதை அவர் அறியாதவர் அல்லர். மேல்தளத்தில் தொப்பியைச் சற்றே உயர்த்தி, உதடுகள் மட்டும் அசைய அவர் இறைவனை வேண்டியதை உடனிருந்தோர் கண்டனர்.

அதே இரவில், டைட்டானிக்குக்கு இன்னும் அருகில், கலிபோர்னியன் என்னும் கப்பல் பனிக்கிடையே நின்றிருந்தது. அதன் மாலுமிகள் வானில் வெண்ணொளிக் கணைகளைக் கண்டனர்; மீகாமனுக்கும் தெரிவித்தனர். ஆயினும், உறங்கிய தந்தி இயக்குநரை எழுப்பிக் கேட்க அவ்வேளையில் எவரும் முற்படவில்லை. அவர்களும் பயிற்சி பெற்ற கடலோடிகளே. அவர்கள் அக்கணைகளுக்கு விளக்கம் தேடி நின்றனர். ராஸ்ட்ரனோ ஐயத்தைத் தீர்க்கும் முன்னரே புறப்பட்டுவிட்டார். அக்கப்பல் விரைந்திருப்பினும் எத்தனை பேரைக் காத்திருக்கும் என்பது வேறு வழக்கு.

விடியற்காலை நான்கு மணியளவில் கார்பேதியா அவ்விடம் சேர்ந்தது. அங்கே டைட்டானிக் இல்லை, 2.20க்கே அது மூழ்கிவிட்டது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். படகுகளில் தத்தளித்த எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் கரைசேர்க்கப்பட்டனர்.

பிற்காலத்தில் பதக்கங்களும், 1926இல் சர் பட்டமும் ராஸ்ட்ரனை வந்தடைந்தன. 1940இல் அவர் மறைந்தார். எனினும் அவர் உள்ளத்தில் தங்கியது அந்த விடியலே போலும். வெளிச்சம் பரவியபோது, தாம் இருளில் கடந்துவந்த கடலெங்கும் பனிப்பாறைகள் நிற்பதை அவர் கண்டார். சுக்கானைப் பிடித்திருந்தது தம் கை மட்டுமன்று என்றே அவர் பின்னாளில் கருதினார்.