நீலம் சஞ்சீவ ரெட்டி: கை நழுவிய ஜனாதிபதி பதவி



நம் தேசத்தின் ஜனாதிபதி பதவிக்கு ஒரு முறை போட்டியிட்டுத் தோற்று, பிற்பாடு அதே பதவியை அடைந்தவர் ஒருவரே. அவர்தான் நீலம் சஞ்சீவ ரெட்டி. தோற்ற சமயத்தில் அவர் ஆளும் காங்கிரஸ் கட்சியின் அபேட்சகர். அவருடைய நியமனப் பத்திரத்தில் பிரதம மந்திரி இந்திரா காந்தியே கையெழுத்திட்டிருந்தார். அப்படியிருந்தும் எப்படித் தோற்றார்? 1969-ஆம் ஆண்டின் அந்த ஆகஸ்டு மாதத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களில் சிலர் இன்னும் நினைவு வைத்திருப்பார்கள். இளையவர்களுக்கோ அவர் பெயரே புதிதாயிருக்கலாம். ஆகையால் தொடக்கத்திலிருந்தே சொல்லுகிறோம்.

அவர் 1913-ஆம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி, அனந்தப்பூர் ஜில்லாவிலுள்ள இல்லூர் என்னும் கிராமத்தில், ஒரு குடியானவர் குடும்பத்தில் பிறந்தார். அனந்தப்பூர் மழை குறைந்த சீமை; நிலக்கடலை விளையும் பூமி. நம் பெரம்பலூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊரை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையாரின் பள்ளியில் படித்துவிட்டு, அனந்தப்பூர்க் கல்லூரியில் சேர்ந்தார். 1929-இல் காந்தியடிகள் அந்த ஊருக்கு வந்துபோனார். அதன்பின் வாலிபனுக்குப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. கதர் உடுத்தினார், கல்லூரியை விட்டார், காங்கிரஸ் தொண்டரானார்.

சிறைவாசமும் தொடர்ந்தது. 1942 ஆகஸ்டில் மறுபடியும் பிடிபட்டு, அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே அவரோடு அடைபட்டுக் கிடந்தவர்களின் பெயர்களைச் சற்று நிதானமாகப் படியுங்கள்: ஆந்திர கேசரி பிரகாசம், சத்தியமூர்த்தி, காமராஜர், வி. வி. கிரி. பின்னொரு நாளில் நடக்கப்போகும் போட்டியில் இவர்களில் ஒருவர் அவருக்குத் துணை. ஒருவர் அவருக்கு எதிரி.

சுதந்திரம் வந்தபின், 1949 முதல் 1951 வரை அவர் சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு, வீட்டு வசதி, காடுகள் ஆகியவற்றுக்கு மந்திரியாக இருந்தார். அந்நாளில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவை. ஆகவே அவர் நமக்கும் மந்திரி என்றே சொல்ல வேண்டும். 1952 தேர்தலில் தோற்றார். தோற்கடித்தவர் வேறு யாருமல்ல, அவர் மனைவியின் உடன்பிறந்தவரான கம்யூனிஸ்டுத் தலைவர் தரிமெல நாகி ரெட்டி! தேர்தல் தோல்வியும் உறவுக்குள் பிளவும் அவருக்கு 1969-இல்தான் முதன்முதலாக வந்தவை அல்ல என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

1956 நவம்பர் முதல் தேதி ஆந்திரப் பிரதேசம் பிறந்தபோது அவரே முதல் மந்திரியானார். இரண்டாம் முறையும் அப்பதவியில் இருக்கையில், கர்நூல் பக்கத்துப் பஸ் வழித்தடங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது பற்றிய வழக்கொன்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தீர்ப்பில் அவரைப் பற்றிக் குறையாகச் சில வார்த்தைகள் இருந்தன. பதவி விலகு என்று கோர்ட்டு உத்தரவிடவில்லை. ஆயினும் அவர் 1964-இல் தாமாகவே ராஜினாமாச் செய்தார்.

அரியலூர்க்காரர்களுக்கு இதைக் கேட்டதும் வேறொரு ராஜினாமா நினைவுக்கு வந்திருக்கும். 1956 நவம்பர் 23-ந் தேதி விடியுமுன், மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததே, நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்களே, அந்த விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி பதவியைத் துறந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அந்தச் சாஸ்திரி 1964-இல் பிரதம மந்திரியானபோது, சஞ்சீவ ரெட்டியை டில்லிக்கு அழைத்து, உருக்கு, சுரங்க இலாகாவை ஒப்படைத்தார். பதவியை விட்டுவிடத் தெரிந்த ஒருவர், அவ்வாறே விட்ட இன்னொருவரைத் தேடி எடுத்ததாகவே நமக்குப் படுகிறது.

1967-இல் அவர் மக்கள் சபையின் சபாநாயகரானார். ஆனவுடன் காங்கிரஸ் கட்சியின் அங்கத்தினர் பதவியை விட்டுவிட்டார். சபாநாயகர் எல்லாக் கட்சிக்கும் பொதுவானவராயிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கட்சியை விட்டு விலகி நின்ற மனிதர் தலையிலேதான் கட்சியின் சண்டை முழுவதும் வந்து விழுந்தது.

1969 மே 3-ந் தேதி ஜனாதிபதி ஜாகீர் உசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். உப ஜனாதிபதி வி. வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அடுத்த ஜனாதிபதி யார்? இந்தக் கேள்வியின் அடியில் இன்னொரு கேள்வி ஒளிந்திருந்தது: காங்கிரசில் யார் பெரியவர்? ஒரு பக்கம் இந்திரா காந்தி. மறுபக்கம் கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, நம் காமராஜர், எஸ். கே. பாட்டீல், அதுல்ய கோஷ் முதலிய மூத்தவர்கள். பத்திரிகைகள் அவர்களைச் சிண்டிகேட் என்று அழைத்தன. ஜூலை மாதம் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் போர்டில் பிரதம மந்திரி ஜகஜீவன் ராமின் பெயரைச் சொன்னார். பெரும்பான்மையோர் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தெடுத்தனர். தம் கையைக் கட்டிப்போடவே இந்த ஏற்பாடு என்று இந்திரா காந்தி நினைத்தார். அந்தச் சந்தேகம் வீணானது என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஒரு யோக்கியமான மனிதரை மூத்தவர்கள் கைத்தடியாகப் பிடித்திருந்தார்கள் என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

அடுத்த சில நாட்களில் நடந்தவற்றைக் கவனியுங்கள். ஜூலை 16-ந் தேதி மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதி இலாகா பறிக்கப்பட்டது. 19-ந் தேதி 14 பெரிய பாங்குகள் தேசியமயமாக்கப்பட்டன. அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் தற்காலிக ஜனாதிபதி கிரி. கையெழுத்திட்ட மறுநாள் அவர் பதவியை ராஜினாமாச் செய்து, சுயேச்சையாகத் தேர்தல் களத்தில் இறங்கினார். சஞ்சீவ ரெட்டியும் அதே 19-ந் தேதி சபாநாயகர் பதவியை விட்டார். பாங்குச் சட்டத்தால் பிரதம மந்திரிக்கு ஊரெங்கும் நல்ல பேர். ஏழை எளியவர் பக்கம் அவர், பணக்காரர் பக்கம் மூத்தவர்கள் என்று ஜனங்கள் பேசத் தொடங்கினார்கள். வாழ்நாளெல்லாம் காங்கிரஸ்காரராயிருந்த குடியானவர் மகன் ஒருவர், ஒரே வாரத்தில் பணக்காரர்களின் அபேட்சகர் என்று பெயர் வாங்கினார்.

இதற்கு மேல் ஒரு பெரும்பிழை நேர்ந்தது. ஜனாதிபதி தேர்தலில் வாக்களிப்பவர்கள் பாராளுமன்ற, சட்டசபை உறுப்பினர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை குறிக்க வேண்டும். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்பவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கோ அவருக்குச் சேர்ப்பார்கள். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் சி. டி. தேஷ்முக்கை ஆதரித்தன. நிஜலிங்கப்பா அக்கட்சித் தலைவர்களிடம் போய், உங்கள் இரண்டாவது விருப்பத்தை எங்கள் ஆளுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். கணக்கென்று பார்த்தால் புத்திசாலித்தனம்தான். ஆனால் செய்தி வெளியே வந்ததும் பிரதம மந்திரியின் பக்கத்தார் அதையே பிடித்துக்கொண்டார்கள். எதிர்க்கட்சியோடு ரகசிய உடன்பாடா என்று ஜகஜீவன் ராமும் பக்ருதீன் அலி அகமதும் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கட்டளை பிறப்பிக்கும்படி நிஜலிங்கப்பா கேட்க, இந்திரா காந்தி மறுத்தார். அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று அறிவித்தார்.

மனச்சாட்சி என்னும் சொல் நமக்குப் புதிதன்று. அதை லேசாக எடுத்துக்கொள்ளவும் நாம் பழகியவர்கள் அல்லர். ரகசிய வாக்கெடுப்பில் ஒருவர் தம் மனம் சொன்னபடி நடக்கச் சட்டம் இடந்தருகிறது, அதில் குற்றமில்லை. ஆனால் ஒருவருடைய நியமனப் பத்திரத்தில் கையெழுத்திடும்போது உறங்கிக்கொண்டிருந்த மனச்சாட்சி, வாக்குப்பதிவு நெருங்கும்போது திடீரென்று விழித்துக்கொண்டால், அது மனச்சாட்சியா, வேறு ஏதாவதா என்று கேட்கத் தோன்றுகிறது. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு அசிங்கமும் நடந்தது. சஞ்சீவ ரெட்டியின் நடத்தையை இழிவாகத் தூற்றி, பெயரில்லாத நோட்டீசு ஒன்று பாராளுமன்ற உறுப்பினர்களிடையே பரவிற்று. நம் ஊர்களில் மொட்டைக் கடுதாசி என்பார்களே, அந்த ஜாதி. பிற்பாடு இது சுப்ரீம் கோர்ட்டுக்கே போயிற்று. ஜனாதிபதி கிரி நேரில் வந்து சாட்சி சொன்னார். தேர்தல் செல்லும் என்று 1970-இல் தீர்ப்பாயிற்று. நோட்டீசில் பெயர் அடிபட்டவருக்கு நேர்ந்த அவமானத்தை எந்தத் தீர்ப்பு அழிக்கும்?

ஆகஸ்டு 16-ந் தேதி வாக்குப்பதிவு. தமிழ்நாடும் இரண்டுபட்டு நின்றது. காமராஜர் சஞ்சீவ ரெட்டிக்காக உழைத்தார். ஆட்சியிலிருந்த தி.மு.க. கிரியை ஆதரித்தது, பெரம்பலூர்ப் பாராளுமன்றத் தொகுதியும் அப்போது தி.மு.க. வசமே இருந்தது. ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் வாக்குக்கு மதிப்பு 576. நம் சட்டசபை உறுப்பினர் ஒருவருடையதற்கு 144.

20-ந் தேதி எண்ணினார்கள். முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515, சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. யாருக்கும் எட்டவில்லை. இந்திய ஜனாதிபதி தேர்தல் சரித்திரத்தில் அடுத்த விருப்பங்களை எண்ணித் தீர்மானிக்கும்படி ஆனது அந்த ஒரு முறைதான். சிறு அபேட்சகர்களும் தேஷ்முக்கும் நீக்கப்பட்டு, அவர்களுடைய சீட்டுகள் பிரிக்கப்பட்டபோது, சஞ்சீவ ரெட்டிக்குக் கூடுதலாக வந்தவை 91,879. கிரிக்கு வந்தவை 18,562 மட்டுமே. முடிவில் கிரி 4,20,077. சஞ்சீவ ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. பதின்மூன்று பாராளுமன்ற உறுப்பினர்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும்.

இந்தக் கணக்கை இன்னும் சற்று உற்றுப் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன், 1967-இல், காங்கிரஸ் அபேட்சகர் ஜாகீர் உசேனுக்குக் கிடைத்தவை 4,71,244. இப்போது காங்கிரஸ் அபேட்சகருக்கு முதல் விருப்பம் அதைவிட ஒன்றரை லட்சத்துக்கும் மேல் குறைவு. எதிர்க்கட்சிகளிடம் கேட்டுப் போன இரண்டாவது வாக்குகள் பெரும்பாலும் சொன்னபடி வந்து சேர்ந்தன. வராமல் போனவை சொந்த வீட்டு வாக்குகள். பக்கத்து வீட்டில் கடன் கேட்கப் போன செய்தியே சொந்தச் சகோதரர்கள் பிரிந்துபோகச் சாக்காகிவிட்டது. தோல்விக்குக் காரணங்கள் பல சொல்லலாம். எமது அபிப்பிராயத்தில் இதுவே தலையானது. இதில் சஞ்சீவ ரெட்டி செய்த தவறு என்று எதைக் காட்டுவது? மற்றவர்கள் மூட்டிய சண்டைக்கு அவர் பெயரை இரவல் கொடுத்தார், அவ்வளவே. அந்த நவம்பரிலேயே காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது.

அவர் அனந்தப்பூருக்குத் திரும்பி, நிலத்தைப் பார்த்துக்கொள்ளலானார். சபாநாயகர் பதவியும் போயிற்று, ஜனாதிபதி பதவியும் கிடைக்கவில்லை. ஆறு வருஷம் ஏறக்குறைய அஞ்ஞாதவாசம். 1975-இல் ஜெயப்பிரகாஷ் நாராயணனோடு மேடையேறினார். 1977 தேர்தலில் ஆந்திராவின் 42 தொகுதிகளில் 41-ஐக் காங்கிரஸ் பிடித்தது. எஞ்சிய ஒன்றான நந்தியாலில் வென்ற ஜனதாக் கட்சிக்காரர் அவர். மறுபடியும் சபாநாயகரானார். பக்ருதீன் அலி அகமது காலமானதால் ஜனாதிபதி பதவி காலியாயிருந்தது. இம்முறை காங்கிரசும் சேர்ந்து அவரை ஆதரித்தது. 37 பேர் மனுப் போட்டதில் 36 தள்ளுபடியாகி, அவர் ஒருவரே மிஞ்சினார். ஜூலை 25-ந் தேதி பதவியேற்றார்.

ஜனாதிபதியாக அவர் செய்தவை எல்லாம் எல்லோருக்கும் ஒப்பானவை அல்ல. 1979-இல் ஜகஜீவன் ராம் மந்திரிசபை அமைக்க உரிமை கோரியிருக்க, அவருக்கு இடங்கொடாமல் மக்கள் சபையைக் கலைத்தார். பத்து வருஷத்துக்கு முன் பெங்களூரில் இவருக்கு எதிராகச் சொல்லப்பட்ட பெயர் அதே ஜகஜீவன் ராம் என்பதை அப்போது பலரும் நினைத்துப் பார்த்தார்கள். அந்தத் தேர்தலில் இந்திரா காந்தி பெருவெற்றி பெற்றார். 1980 ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் சமயத்தில், அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் சஞ்சீவ ரெட்டி.

அவ்வருஷம் ஜூன் 24-ந் தேதி வி. வி. கிரி சென்னையில் காலமானார். அமராவதிச் சிறையில் உடனிருந்தவர் அப்போது ராஷ்டிரபதி பவனில், கிரி முன்னொரு காலம் வசித்த அதே மாளிகையில், இருந்தார். 1982-இல் பதவிக்காலம் முடிந்தபின் அவர் மீண்டும் தம் சீமைக்குத் திரும்பி, 1996 ஜூன் முதல் தேதி பெங்களூரில், தமது 83-ஆவது வயதில் உயிர் நீத்தார்.