தந்தி இலாகாவை விட்டு வந்த ஓவியர்

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலுக்குப் போகிறவர்கள் வடிவுடையம்மனைத் தரிசித்துவிட்டு ஆதிபுரீசுவரர் சந்நிதியையும் வலம் வருவது வழக்கம். யானையின் முதுகைப் போலப் பின்புறம் வளைந்து நிற்கும் அந்தக் கருங்கல் விமானத்தைக் கட்டியவன் யார் என்று கேட்கிறவர்கள் குறைவு. ஆனால் கல்வெட்டு அவன் பெயரை மறக்கவில்லை. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், சதுரானன பண்டிதர் சொல்லியபடி அதைக் கட்டியவன் ரவி என்பவன். வீரசோழத் தச்சன் என்பது அவனுடைய பட்டப் பெயர். கோயிலும் கோட்டையும் கலைஞனுக்குச் சோறு போட்ட காலம் அது.

அதே திருவொற்றியூரில் 1950-களின் நடுவில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. வண்டியின் பெட்ரோல் டாங்கின் மேல் ஓடும் தங்கநிறக் கோட்டை அங்கே பல ஆண்டுகள் கையாலேயே தீட்டினார்கள். அளவுகோல் கிடையாது. தூரிகையை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். இடையில் கை நடுங்கினால் டாங்கைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். அவர்களை யாரும் ஓவியர் என்று சொல்லவில்லை. தொழிலாளி என்றார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது.

கோயில் போய்விட்டது, தொழிற்சாலைக்கோ கோடு போடுகிறவன் போதும். அப்படியானால் சித்திரம் எழுதுவதையே வாழ்வாகக் கொண்டவன் எங்கே போவான்? இந்தக் கேள்வியைத் தன் சொந்தக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, சென்னையின் தென்கோடியில் ஒரு கிராமத்தையே உண்டாக்கிக் காட்டியவர் கே. சி. எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி கோயம்புத்தூரில் பிறந்தார். மலையாளக் குடும்பம். பொன்னானிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளும் வாய்க்கால்களும் இளவயதிலேயே அவர் கண்ணில் பதிந்துவிட்டன. மலபார் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பன்னிரண்டு வயதிலேயே நிலக்காட்சிகளை வண்ணத்தில் எழுதத் தொடங்கினார். பதினேழாம் வயதில் சென்னையில் நடந்த கண்காட்சிகளில் அவருடைய படங்கள் இடம் பெற்றன.

இவ்வளவு கையிருந்தும் என்ன பயன்? தகப்பனார் காலமானார், குடும்பப் பாரம் தலையில் விழுந்தது. கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தி இலாகாவில் சேர்ந்தார் பணிக்கர். சர்க்கார் உத்தியோகம்! அந்த நாளில் அது கிடைத்தவன் வீட்டில் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். அடுத்தவர் வீட்டுச் சாவுச் செய்தியையும் பிரசவச் செய்தியையும் கட்டுக் கட்டாக் கட்டென்று தட்டி அனுப்பும் இலாகாவில் சில ஆண்டுகள் கழிந்தன. படம் எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை.

1936-ல் அந்த உத்தியோகத்தை உதறிவிட்டுச் சென்னை அரசினர் கலைப் பள்ளியில் மாணவராகப் போய் உட்கார்ந்தார். வயது இருபத்தைந்து. நிரந்தர வேலையை விட்டுவிட்டு, பதினெட்டு வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அவரைச் சேர்ந்தவர்கள் கவலைப்பட்டிருந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அவர் போய்ச் சேர்ந்த இடத்தின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் 1850-ல் தம் கைப்பணத்தில் தொடங்கிய பள்ளி அது. இரண்டே ஆண்டில் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. நோக்கம் ஓவியர்களை உண்டாக்குவதல்ல, கைவினைஞர்களை உண்டாக்குவது. மரவேலை, மண்வேலை, உலோகவேலை, செதுக்குவேலை எல்லாம் அங்கே நடந்தன. இன்று ஏழை வீட்டிலும் இருக்கிற அலுமினியப் பாத்திரம்கூட அந்தக் கட்டடத்தோடு சம்பந்தப்பட்டதுதான். ஆல்பிரட் சாட்டர்ட்டன் 1898-ல் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையை அங்கேதான் ஆரம்பித்து வைத்தார். கற்றுக்கொண்டவன் வெளியே போய்ப் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அந்தப் பள்ளியின் பழைய கணக்கு.

இந்தக் கணக்கை மாற்றியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் பாறையைப் பெயர்த்து நகர்த்தும் நான்கு உழைப்பாளர்களின் சிலை இருக்கிறதல்லவா? அதை வடித்த வங்காளத்துச் சிற்பி அவர்தான். 1929-ல் பள்ளியின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர். மல்யுத்தக்காரர், வேட்டைக்காரர், வங்காளியில் கதை எழுதுகிறவர். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் அவர் அங்கே முதலிடம் கொடுத்தார். பணிக்கர் அவரிடம்தான் படித்தார். 1940-ல் படிப்பு முடிந்தது. மறு ஆண்டே அதே பள்ளியில் ஆசிரியரானார். சர்க்கார் சம்பளத்தை உதறியவருக்கு மீண்டும் சர்க்கார் சம்பளமே கிடைத்தது. ஆனால் இந்தத் தடவை தூரிகைக்காகக் கிடைத்தது.

எல்லாருக்கும் அந்த அதிருஷ்டம் இல்லை. ஆண்டுதோறும் பள்ளியிலிருந்து வெளியே வந்த இளைஞர்கள் என்ன ஆனார்கள்? சிலர் ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர் ஆனார்கள். பூசணிக்காயையும் கூஜாவையும் கரும்பலகையில் எழுதிக் காட்டி, முப்பது வருஷம் கழித்து ஓய்வு பெற்றார்கள். சிலர் விளம்பரக் கம்பெனிக்குப் போனார்கள். சிலர் சினிமாத் தட்டி எழுதினார்கள். மத்திய சர்க்கார் 1950-களில் நெசவாளர் சேவை மையங்களைத் தொடங்கியபோது ஓவியர்களுக்கு ஒரு புது வாசல் திறந்தது. புடவைக் கரைக்கும் ஜமக்காளத்துக்கும் புதுக் கோலம் வரைவது அங்கே வேலை. பின்னாளில் புகழ் பெற்ற ஓவியர் ஆதிமூலம்கூட அந்த மையத்தில் உத்தியோகம் பார்த்தவர்தான். நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் நாற்காலிகள் கொஞ்சம். வெளியே நின்றவர்கள் அதிகம்.

பணிக்கர் தந்தி இலாகாவை விட்ட அதே சமயத்தில் கடலுக்கு அப்பால் நடந்த ஒன்றை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். ரூஸ்வெல்ட் அரசாங்கம் 1935-ல் ஓவியர்களுக்கென்றே ஒரு வேலைத் திட்டம் போட்டது. சாலை போடுகிறவனுக்குக் கூலி கொடுப்பது போலப் படம் போடுகிறவனுக்கும் சர்க்கார் கூலி கொடுத்தது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஜாக்சன் பொல்லாக்கும் அந்தக் கூலியை வாங்கியவர். 1943-ல் திட்டம் நின்றது. சுதந்திர இந்தியாவில் 1954-ல் லலித கலா அகாடமி வந்தது. பரிசு கொடுத்தது, கண்காட்சி வைத்தது. மாதாமாதம் அரிசி வாங்க அது வழி சொல்லவில்லை.

பணிக்கர் சும்மா இருக்கவில்லை. 1944-லேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்து, இளம் ஓவியர்களின் படங்களை வெளியூர்களுக்குக் கொண்டுபோனார். 1954-ல் லண்டனிலும் பாரிஸிலும் அவருடைய தனிக் கண்காட்சிகள் நடந்தன. ஐரோப்பாவில் பார்த்தவர்கள் மெச்சினார்கள். ஆனால் நம் படம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அதன் பிறகே வலுத்தது. 1957-ல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றதும் பள்ளியின் தலைவரானார். 1961-ல் சங்கத்தின் சார்பில் ஆர்ட்ரெண்ட்ஸ் என்ற சிறு பத்திரிகையும் வந்தது.

1963-ஐ ஒட்டி அவருடைய ஓவியமே உருமாறியது. மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தைப் பார்த்தாராம். எண்ணும் எழுத்தும் கோடுமாக நிறைந்திருந்த அந்தப் பக்கமே ஒரு சித்திரமாக அவருக்குத் தோன்றியது. ஜாதகக் கட்டங்கள், மலையாளம் போலத் தோன்றியும் படிக்க முடியாத எழுத்துக்கள், பாம்பு, பறவை, சூத்திரங்கள் எல்லாம் அவர் திரையில் வந்து குந்தின. சொற்களும் குறியீடுகளும் என்ற அந்த வரிசைதான் இன்று அவர் பெயர் சொல்லி நிற்கிறது. ஜோசியக் குறிப்பைப் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு அது அன்னியமாகப் படாது. அர்த்தம் தேடினால்தான் தலை சுற்றும்.

பிரின்ஸிபால் அறையில் உட்கார்ந்து கோப்புகளில் கையெழுத்துப் போடும்போது பணிக்கரை உறுத்தியது ஒன்றுதான். நன்றாக எழுதுகிற பையன் படிப்பு முடிந்து நாலைந்து வருஷத்தில் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறான். குமாஸ்தாவாகிறான். அவரே ஒரு காலத்தில் அந்தப் படிக்கட்டில் நின்றவர் அல்லவா?

அவர் கண்டுபிடித்த வழி மிகவும் சாதாரணமானது. ஓவியம் விற்காது, கைத்தொழில் விற்கும். கைத்தொழிலில் கொஞ்ச நேரம் உழைத்து வயிற்றைப் பார்த்துக்கொண்டால் மீதி நேரம் யாருக்கும் தலை வணங்காமல் படம் எழுதலாம். இதற்காக மாணவர்களையும் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து ஓவியர் கைவினைச் சங்கம் ஏற்பட்டது.

அவர்களுக்குக் கைகொடுத்தது பாத்திக். ஜாவாவில் பேர் போன இந்த வேலையில் மெழுகுதான் மந்திரம். தேன்மெழுகையும் பாரபின் மெழுகையும் சேர்த்து உருக்கி, சாயம் ஏறக்கூடாத இடத்தில் துணியின் மேல் தீட்ட வேண்டும். பிறகு துணியைச் சாயத் தொட்டியில் முக்க வேண்டும். வெந்நீர்ச் சாயம் உதவாது, மெழுகு கரைந்துவிடும். ஆகவே குளிர்ந்த சாயம்தான். காய்ந்ததும் மறுபடி மெழுகு, மறுபடி அடுத்த நிறம். வெளிர் நிறத்தில் தொடங்கிக் கருநிறத்தில் முடிப்பார்கள். துணியைக் கசக்கும்போது மெழுகில் விழும் வெடிப்புக்குள் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓடும். இரண்டு துணி ஒன்று போல் இருக்காது. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிட்டால் படம் நிற்கும். மெழுகுப் புகை கண்ணைக் கரிக்கும், கைவிரல்களில் சாயம் வாரக்கணக்கில் போகாது. கல்லூரியில் பட்டயம் வாங்கிய ஓவியர்கள் இந்த வேலைக்கு முகம் சுளிக்கவில்லை. துணிகள் நன்றாக விற்றன.

வந்த பணத்தை அவர்கள் பங்கு போட்டுத் தின்றுவிடவில்லை என்பதுதான் விசேஷம். திருவான்மியூருக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில், கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். ஆண்டு 1966. சர்க்கார் தானமாகக் கொடுத்த நிலமல்ல, புரவலர் யாரும் எழுதி வைத்ததும் அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றிருப்பது போல் அப்போது கிடையாது. மணல் மேடு, சவுக்குத் தோப்பு, மீனவர் குடிசைகள், அவ்வளவுதான். சுமார் முப்பது ஓவியர்களும் சிற்பிகளும் ஆளுக்கொரு மனையில் வீடு கட்டத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் கல்தச்சனுக்குப் பட்டம் கொடுத்த சோழர் பெயரையே கிராமத்துக்கும் வைத்தார்கள்: சோழமண்டலம்.

நகரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மணலில் போய்க் குடியிருந்தால் படத்தை நண்டா வாங்கும்? ஆனால் சுல்தான் அலி, சேனாதிபதி, வாசுதேவ், ஹரிதாசன், நந்தன், கே. எம். கோபால் என்று ஒருவர் பின் ஒருவராகப் பெயர் எடுத்தார்கள். விசுவநாதன் பாரிஸுக்குப் போய்ப் புகழ் பெற்றார். பெண்கள் குறைவுதான், சிற்பி அனிலா ஜேக்கப்பும் ஓவியர் ஆர்னவாஸும் அந்தச் சிலரில் இருந்தார்கள்.

1967-ல் பணிக்கர் கல்லூரித் தலைமையிலிருந்து ஓய்வு பெற்று, இந்தக் கிராமத்தோடு தம்மைப் பிணைத்துக்கொண்டார். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சர்க்காரை நம்பாத கிராமத்தைக் கட்டியவர் சர்க்கார் சம்பளத்தில் இருந்துகொண்டுதான் அதைக் கட்டினார். அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோருக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக் கொடுத்ததும் சர்க்கார் கல்லூரிதான். பயிற்சியை அரசாங்கம் கொடுத்தது. பிழைப்பை அவர்களே தேடிக்கொண்டார்கள். பணிக்கரைப் போல இரண்டையும் தெரிந்த ஒருவர் நடுவில் இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

கிராமம் எல்லாரையும் காப்பாற்றிவிடவும் இல்லை. கே. ராமானுஜம் என்ற இளைஞர் பணிக்கரின் மாணவர். மையினால் மாளிகைகளும் மிருகங்களும் தேவகன்னிகைகளும் நிறைந்த ஒரு தனி உலகத்தையே எழுதியவர். தொப்பி அணிந்த ஒரு சிறு மனிதனாகத் தம்மையும் அந்த உலகத்தில் உலவவிட்டவர். மனநோய் அவரை வாட்டியது. பாத்திக் கணக்கும் மனைக் கணக்கும் அவருக்கு ஒத்து வரவில்லை. 1973-ல், முப்பத்து மூன்று வயதுக்குள், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

பணிக்கர் அதன் பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார். 1976-ல் லலித கலா அகாடமி அவரைத் தன் சிறப்பு உறுப்பினராக்கியது. 1977 ஜனவரியில் சென்னையில் காலமானார். வயது அறுபத்தைந்து. அவருடைய ஓவியங்கள் பல கேரள அரசுக்குப் போய்ச் சேர்ந்தன. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரால் ஒரு சித்திரசாலை இருக்கிறது. கிராமத்துப் பொறுப்பை அவருடைய மகன், உலோகச் சிற்பி நந்தகோபால், 2017-ல் தாம் மறையும் வரை சுமந்தார். 2009-ல் சோழமண்டலத்திலேயே ஒரு பெரிய காட்சிசாலை திறக்கப்பட்டது. அன்று மெழுகுச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர்களின் ஓவியங்களும் சிற்பங்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன.